போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வீடு, பேக்கரி, மில் எல்லாம் சுகாதாரப் பரிசோதனை எப்படி நடந்தது?

பண்ணைக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) பயிற்சியில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். எங்களுக்குப் படிப்பிக்கிற ஒழுங்கு இதுதான்: வளவுக்குள் போய்க் கிணறு, மலசலகூடம், குப்பை, தேங்குகிற தண்ணீர் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், குறை இருந்தால் அறிவித்தல் கொடுக்கவேண்டும், தவணைக்குள் திருத்தாவிட்டால் வழக்கு. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச்சட்டம், 1897இன் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டம், 1980இன் உணவுச் சட்டம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு நீதவானிடம்தான் போய் நிற்கிறது.

ஆனால் 1990க்குப் பிறகு சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில் அரசாங்க நீதிமன்றம் இயங்கவில்லை, மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை. அந்தக் காலத்தில் பி.எச்.ஐ.மார் என்ன செய்தார்கள்? வீடு வீடாகப் போனார்களா? பேக்கரி, அரிசி மில், சோடாக் கம்பனி எல்லாவற்றையும் யார் பார்த்தது? என் ஆய்வுக்காகத்தான் கேட்கிறேன், புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பந்திகூட இல்லை. வேலை செய்தவர்கள், அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தவர்கள், ஆராவது எழுதினால் பெரிய உதவி.

---

துலாக்கயிறு:

தம்பி, நான் இளைப்பாறிய பி.எச்.ஐ. குடாநாட்டில் முதலில் வலிகாமத்திலும் 95 இடம்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியிலும் வேலை செய்தேன். நீர் கேட்டதை இவ்வளவு காலமும் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

சட்டத்தைப் பற்றி முதலில். அறிவித்தல் எழுதுவதை நாங்கள் நிறுத்தவில்லை. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, ஊரில் அதிகாரம் விடுதலைப்புலிகள் இயக்கத்திடம் இருந்தது. 1991இல் அவர்களுடைய காவல்துறை வந்தது, 1993இல் நீதிமன்றங்களும் வந்தன. ‘அங்கே ஒரு முறைப்பாடு கொடுங்கோ ஐயா, ஒரு நாளிலே திருத்திப்போடுவினம்’ என்று சனமே எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் அந்த வழிக்குப் போகவில்லை. ஒரு வீட்டுக்காரனைப் பிடித்துக் கொடுத்தால் அந்த ஒழுங்கை முழுவதும் படலையைச் சாத்திவிடும், அதற்குப் பிறகு நெருப்புக்காய்ச்சல்காரனை (தைபோயிட் வந்தவனை) ஒளிப்பார்கள், வயிற்றோட்டத்தை ஒளிப்பார்கள். நோய் ஒளிந்துவிட்டால் பரிசோதகருக்கு வேலையே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தொற்றுநோயை அறிவிக்கிற எச் 544 படிவம் வந்தால்தான் நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 என்ற விசாரணைப் படிவத்தை நிரப்புவோம், அது உமக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கே போகமுடியாமல் இருந்தார்கள், படிவம் எங்கேயிருந்து வரும்? வீட்டுக்காரர் தாங்களாகச் சொன்னால்தான் உண்டு. ஆகவே எங்களுடைய பரிசோதனை எல்லாம் திண்ணையில் இருந்து கதைக்கிற பரிசோதனையாக மாறியது. அதைக் குறைவாக நினைக்கவேண்டாம். வழக்குப் போட்ட காலத்தைவிட அப்போதுதான் வீடுகளுக்குள்ளே உண்மையாக என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் பார்க்க ஏலாது என்று தெரிந்ததும் நான் கிணற்றை முதலாவதாக வைத்தேன். எங்கள் மண்ணைப் பற்றி உமக்குப் படிப்பித்திருப்பார்கள். கீழே சுண்ணக்கல், அதில் முழுக்க வெடிப்பும் பொந்தும். மணலிலே நடக்கிற வடிகட்டல் இங்கே நடக்காது, கக்கூசுக் குழியில் போனது வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்கு வந்துவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி என்று விதி சொல்லும். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் கக்கூசும் பக்கத்து வீட்டுக் கக்கூசும் இருக்கிற இடத்தில் 50 அடியை எங்கே தேடுவது? 50 அடி இருந்தாலும் சுண்ணக்கல்லில் அது போதாது. மாரி தொடங்கிக் கிணற்று நீர் மேலே ஏற, குழியும் நிரம்பும், இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். மழைக்குப் பிறகு வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். தீவு முழுவதற்கும் குளோரின் கொடுத்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, 1985இல் அது நின்றுபோனது. எங்கள் வாசலில் செய்த சாமானுக்குப் பிறகு கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டி வந்தது. வந்து சேர்கிற பவுடரும் பழசு. புதுப் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருக்கவேண்டும், வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் அது பறந்துவிடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். அதனால் கணக்கை மட்டும் நம்பிப் போடமுடியாது. எவ்வளவு பவுடர் போடவேண்டும் என்று பார்க்க எங்களிடம் பழைய ஹொறொக்ஸ் பெட்டி ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் படைகளின் குடிநீருக்காக உருவான சாமான் அது, எங்கள் போரிலும் அதுதான் கைகொடுத்தது. ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை. கறுப்பில் ஒரு கரண்டி, அதாவது 2 கிராம் பவுடரைக் கரைத்து, வெள்ளைக் கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, முதலாவதற்கு ஒரு துளி, இரண்டாவதற்கு இரண்டு துளி என்று ஆறுவரை விட்டு, அரை மணித்தியாலம் பொறுத்து அயடைட்டு கலந்த மாக்கரைசல் துளியை விட்டால் நீலம் தெரியும். எந்தக் கோப்பையில் முதலில் தெளிவான நீலமோ அத்தனை கரண்டி 455 லீற்றருக்கு. நல்ல பவுடர் என்றால் ஆயிரம் லீற்றருக்கு இரண்டரைக் கிராம் பொதுவாகப் போதும். 3 மீற்றர் குறுக்களவும் 3 மீற்றர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 21,200 லீற்றர், அதற்கு 53 கிராம். பழைய பவுடரில் அதன் இரண்டு மடங்கு போட்ட கிணறுகளும் உண்டு.

நான் வீட்டுக்காரரைக் கொண்டே செய்விப்பேன். பவுடரை முதலில் பசையாகக் குழைத்து, வாளியில் முக்கால்வாசி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அடைய விடவேண்டும். தெளிந்த மேல் தண்ணீரை மற்ற வாளிக்கு ஊற்றி, அதைக் கயிற்றில் இறக்கித் தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்டவேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் போடக்கூடாது, எங்கள் தண்ணீர் ஏற்கெனவே கடினத் தண்ணீர். இரவு போட்டுக் காலையில் அள்ளச் சொல்வேன். ‘மணக்குது, தேத்தண்ணி குடிக்க ஏலாது’ என்று முறைப்பாடு வரும். மணக்காவிட்டால்தான் கவலைப்படவேண்டும் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

தொழிற்சாலைகளைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், எனக்குப் பேக்கரிகள்தான் பழக்கம்.

---

சங்கானை அக்கா:

துலாக்கயிறு ஐயா எழுதினதெல்லாம் சரி. ஆனால் வீட்டுப் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பரிசோதனைக்கு வந்தவர் போனபிறகு அதைச் செய்தது நாங்கள்தான்.

பங்கரை, அதாவது ஷெல்லுக்கு ஒளிக்கிற பதுங்குகுழியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எல்லா வீட்டு வளவிலும் பங்கர் இருந்தது, பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை போட்டு மூடினது. மாரியில் அது முழங்கால்வரை தண்ணீர். அதற்குள் தவளை, நுளம்பு, சிலவேளை பாம்பு. எங்கள் பகுதிக்கு வந்த பரிசோதகர் தண்ணீரை இறைத்துப்போடுங்கோ, இல்லாவிட்டால் மூடுங்கோ என்பார். இறைத்தால் விடிய முன்னம் திரும்பவும் ஊறிவிடும். மூடினால் ஷெல் விழுகிறபோது பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது? வழக்கமாக நுளம்புக்கு எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், மண்ணெண்ணெய் தங்கம் விற்ற விலையில் இருந்த காலம் அது, ஜாம் போத்தலில் பஞ்சைப் போட்டு அதற்கு மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு விளக்கு எரித்தோம், அதைப் போய்க் குழிக்குள் ஊற்றுவார்களா? கடைசியில் ஒரு நல்ல வழி சொன்னது வேறொரு பி.எச்.ஐ.தான். பங்கரின் ஒரு மூலையில் அடியிலே சின்னக் கிடங்கு ஒன்று வெட்டி, முழுத் தண்ணீரையும் அந்தக் கிடங்குக்கு வடியவிட்டு, காலையில் ஒரு பேணியால் அதை மட்டும் அள்ளிப்போடச் சொன்னார். வாய்க்குப் பழைய சாக்குத் திரை. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அப்படிச் செய்தார்கள். அவர் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, தானே மண்வெட்டியைப் பிடித்து ஒரு மூலையை வெட்டிக் காட்டினார்.

சவுக்காரமும் இல்லை. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ என்று சுவரொட்டி ஒட்டியிருக்கும், சங்கக்கடையில் கேட்டால் இல்லை என்பார்கள். உடுப்புக்குப் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் தோய்த்தோம். கைக்குச் சாம்பல். குழிக் கக்கூசுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை சாம்பல், இலையானுக்கு அது நன்றாக வேலை செய்தது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். 95 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் நகரமுடியாத சனம். போய்த் தங்கினது ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே கிடங்கு வெட்டிக் கிடுகால் மறைத்துக் கக்கூசு போட்டார்கள், அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில், பாதைக்கு நேரே. பெண்கள் இருட்டும்வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்தார்கள், தண்ணீர் குடிக்கிறதையே குறைத்தார்கள். எத்தனை குமருக்குச் சலத்தில் கிருமி வந்தது என்று எந்தப் படிவத்திலும் எழுதப்படவில்லை. பார்க்க வந்தவர்கள் கிடங்குகளை எண்ணினார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி, நீங்கள் நாளைக்கு எந்த முகாமுக்குப் போனாலும் பெண்களிடம் கேளுங்கோ.

---

துலாக்கயிறு:

தங்கச்சி சொன்னது முழுக்க உண்மை. 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்ற கணக்கு உண்டு, அந்த நவம்பரில் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் போகமுடியவில்லை. பல இலட்சம் சனம் ஒரே இரவில் ஒரு சிறிய பிரதேசத்துக்குள் வந்தது, கக்கூசுக் குழிக்குத் தட்டுப் போடச் சீமெந்து இல்லை, பனங்குற்றியைப் பிளந்து இரண்டு பலகையாக அடுக்கி நடுவில் இடைவெளி விட்டு மேலே களிமண் பூசினோம். குடும்பநல உத்தியோகத்தர் (ஊர் மருத்துவிச்சி) கூட வந்த இடங்களில் பெண்களின் பக்கம் பின்வளவில், வேலியோடு, வேறு பாதையில் அமைந்தது. அவர்கள் வராத இடங்களில் நீங்கள் சொன்னபடிதான் நடந்தது.

---

போறணைக்காரன் மகன்:

எங்கள் அப்பா பேக்கரி வைத்திருந்தவர், நான் அங்கேயே வளர்ந்தேன். பரிசோதனை நடந்ததா என்று கேட்டால், நடந்தது. பி.எச்.ஐ. சைக்கிளில் வருவார், பெரும்பாலும் பாண் போடுகிற நேரம் பார்த்து. முதலில் மாக் குழைக்கும் தொட்டியின் மூலைகளை விரலால் சுரண்டிப் பார்ப்பார், பழைய மா காய்ந்து ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தொட்டி முழுக்கக் கழுவவேண்டும். பிறகு வேலைக்காரரின் நகம், காலில் புண், ஆருக்காவது அண்மையில் நெருப்புக்காய்ச்சல் வந்ததா என்று விசாரிப்பார். கடைசியில் கிணறு.

போரால் வந்த பிரச்சினை காற்றோட்டம். பாண் இரவில்தான் போடவேண்டும். போறணை வாயைத் திறந்தால் வெளிச்சம் வெளியே அடிக்கும். மேலே சகடை (குண்டு போடுகிற விமானத்தை அப்படித்தான் சொல்லுவோம்) சுற்றினால் வெளிச்சம் தெரிகிற இடத்துக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யன்னல்களுக்குச் சாக்கு, கதவுக்குச் சாக்கு, கூரையில் புகை போகிற வழிக்கும் தகரத்தால் மறைப்பு. உள்ளே விறகுப் புகை, ஜாம் போத்தல் விளக்கின் கரி, வேர்வை சொட்டச் சொட்ட மாக் குழைக்கிற ஆட்கள். பரிசோதகர் சொல்லுவார் யன்னலைத் திறவுங்கோ என்று, அப்பா சொல்லுவார் திறந்தால் எல்லோரும் செத்துப்போவோம் என்று. இரண்டு பேரும் சரிதானே? ஒருநாள் இரண்டு பேரும் இருந்து யோசித்து, யன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி மண்சுவர் ஒன்று எழுப்பினார்கள். காற்று பக்கத்தால் வரும், வெளிச்சம் சுவரில் அடித்து நின்றுவிடும், ஷெல் துண்டு பறந்து வந்தாலும் சுவர் தாங்கும். குழைக்கிற மேசையையும் போறணை வாயிலிருந்து தள்ளிப் போடச் சொன்னார், வேர்வை மாவில் விழாமல் இருக்கட்டும் என்று.

சீமெந்துக்குத் தடை இருந்தாலும் சுண்ணாம்பு எங்கள் ஊர்ச் சூளையிலேயே கிடைத்தது. சுவர் வெள்ளை அடிப்பதில் அவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. ‘இதுக்கு மட்டும் ஒரு சாட்டும் சொல்லாதேங்கோ’ என்பார். நிலம் வெடித்துப்போய் எலி வந்ததைப் பூசுவதற்கும் சுண்ணாம்பும் மணலும்தான்.

உரிமத்தைப் பறிப்பேன் என்று ஒருநாளும் வெருட்டவில்லை. பறித்தால் அந்தப் பகுதிச் சனத்துக்குக் காலையில் பாண் இல்லை, அவருக்கும் அது தெரியும். ஆனால் ஒருமுறை வேலைக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, அவரை மூன்று கிழமை மாப்பக்கமே போகவிடக்கூடாது, விறகு கொத்தவிடலாம், கூலி குறைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்படியே செய்தார். கூலி குறைத்தால் அடுத்தமுறை காய்ச்சலை ஒளிப்பார்கள் என்று அவர் சொன்ன காரணம் அப்பாவுக்கு விளங்கியது.

அரிசி மில்லுக்கும் அதே ஆள்தான் போவார். அங்கே பிரச்சினை தூசியும், நெல் அவிக்கிற தொட்டியின் கழிவுத் தண்ணீரும். அது தேங்கினால் மணக்கும், நுளம்பு, பக்கத்துக் கிணறு எல்லாம் பாழ். இயந்திரத்தின் பட்டிக்கு மறைப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது தொழில் திணைக்களத்துப் பொறியியலாளர், அவரை எங்கள் பக்கத்தில் நான் கண்டதே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய இயந்திரங்கள், மறைப்பில்லாத பட்டிகள், விரல் போன ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

---

ஏட்டுச்சுவடி:

போறணைக்காரன் மகன் எழுதிய யன்னல் கதையை வாசித்ததும் எழுதவேண்டும் போல இருந்தது. இதே இழுபறி இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் பெரிதாக நடந்தது. 1939 செப்டம்பரில் இருட்டடிப்பு வந்ததும் தொழிற்சாலைகளின் கண்ணாடிக் கூரைகளுக்குக் கறுப்பு மை பூசி யன்னல்களை அடைத்தார்கள், உள்ளே காற்றும் இல்லை, பகலிலும் மின்விளக்கு. பரிசோதகர்கள் இதோடுதான் மல்லுக்கட்டினார்கள். 1940இல் ஏர்ணஸ்ட் பெவின் தொழில் அமைச்சரானதும் தொழிற்சாலைப் பரிசோதனைப் பகுதியை உள்துறையிடமிருந்து தன் அமைச்சுக்கு மாற்றிக்கொண்டார். ஆயுதம் செய்கிற ஆள் நோயில் விழுந்தால் போருக்கே நட்டம் என்பதால் பரிசோதனை போர்க்காலத்தில் குறையவில்லை, கூடியது.

எங்கள் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் போர்க்காலத்துப் பிள்ளைதான், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம். அந்த வருட ஏப்ரலில்தான் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன, பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றது, கூப்பனும் கோதுமை மாவும் பாணும் வீடுகளுக்குள் வந்தன. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். சட்டம் அமைதிக்காலத்து ஒழுங்கை நினைத்து எழுதப்பட்டது, கொழும்பிலிருந்து பொறியியலாளர் வரமுடியாத மாவட்டத்தில் யார் பார்ப்பது என்பதற்கு அதில் வழி இல்லை. விரல் போனவர்கள் இருக்கிறார்கள் என்று மேலே எழுதியிருக்கிறார், அந்த இடைவெளியின் விலை அது. பண்ணைக்காற்று, உங்கள் ஆய்வில் இதைத் தனியாக எழுதவேண்டும் என்பது என் விருப்பம். வீட்டுப் பரிசோதனை ஊர்க்காரரான பி.எச்.ஐ.யால் தப்பியது, தொழிற்சாலைப் பரிசோதனை தூரத்து அலுவலகத்தில் இருந்ததால் செத்துப்போனது.

---

பண்ணைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா சொன்னதைக் கட்டாயம் என் கேள்விக்கொத்தில் சேர்க்கிறேன். துலாக்கயிறு ஐயா, இன்னும் ஒன்று. இதைக் களத்தில் தேடிப்போனால் இன்றைக்கும் பயன்படுகிற மாதிரி எதைப் பார்க்கலாம்?

---

துலாக்கயிறு:

குழிகளைத் தேடும் தம்பி. 95 கடைசியிலும் 96 தொடக்கத்திலும் சனம் தங்கிய பள்ளிக்கூடம், கோயில் மடம், தேவாலய வளவு, தனியார் காணி எல்லாவற்றிலும் அவசரமாகக் கிடங்கு வெட்டினோம். சனம் 96 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிப் போனதும் மண்ணைத் தள்ளி மூடினோம், அளவெடுத்து வரைபடம் போட நேரமிருக்கவில்லை. சில இடங்களில் அதற்கு மேலேயே பிறகு கிணறு வெட்டியிருக்கிறார்கள். அந்தந்த ஊரில் அப்போது 20 வயதாக இருந்தவர்களுக்கு எது எங்கே என்று இன்னும் தெரியும், கையைக் காட்டுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வரைபடத்தில் குறித்து, பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பும். நைத்திரேற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும், லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போனால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் கூடாது. தோட்டக் கிணறு என்றால் உரத்தாலும் கூடும், அதைப் பிரித்து எழுதும்.

திரும்பி வந்த வலிகாமத்து வீடுகளின் கிணறுகளையும் விசாரியும். மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த கிணறுகளுக்குள் செத்த நாய், ஓடு, தகரம் எல்லாம் கிடந்தன, சில கிணறுகளில் வெடிபொருளும். முழுக்க இறைத்துத் துப்பரவாக்கின கிணறு எது, மேலாகக் கழுவிவிட்டுக் குடிக்கத் தொடங்கின கிணறு எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

புரட்டாசியிலே போம், மாரிக்கு முன்னம். தண்ணீர் அடியில் கிடக்கும்போதுதான் கிணற்றுக் கட்டின் வெடிப்புகளும் பக்கத்தால் ஊறி வருகிற ஈரமும் கண்ணுக்குத் தெரியும். நல்ல ரோச் ஒன்று கொண்டுபோம், கட்டில் ஏறிக் குனிகிறபோது ஆராவது ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும்.